கண்டல் காய் தந்த பாடம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நோயைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அதற்கு விடுமுறை. பழங்களைப் பற்றிப் பேசுவோம்.

தொண்ணூறுகளில் நாங்கள் சாதாரண தரம் படித்தோம். மின்சாரம் வந்தால் வந்ததுதான். ஒருநாள் விஞ்ஞான ரீச்சர், "உங்கட ஊர்ப் பெயரில உள்ள பழத்தைக் கொண்டு வாங்க" என்றார். நம் ஊர்ப் பெயர்களில் எத்தனை மரங்கள்! புளியந்தீவுக்காரி பழப்புளி கொண்டு வந்தாள். மாங்காட்டுக்காரி மாங்காய், தேற்றாத்தீவுக்காரி கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டை, தாழங்குடாக்காரி தாழங்காய். நாவற்குடாவும் நாவலடியும் ஒரே நாவற்பழத்துக்குச் சண்டை பிடித்தன. கடைசியில் நாவலடிக்காரி விட்டுக்கொடுத்து, வளவில் விழுந்த தேங்காயைத் தூக்கி வந்தாள்.

அந்த மேசைதான் எங்கள் ஆய்வுகூடம். கருக்கட்டல் முடிந்ததும் பூவின் சூலகம் பழமாகிறது, சூல்வித்து வித்தாகிறது. எல்லா வித்தும் தாய் மரத்தடியிலேயே விழுந்தால் வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் தாயும் பிள்ளையும் போட்டி போட வேண்டும். ஆகவே வித்தைத் தூர அனுப்பும் வண்டிதான் பழம் என்று விளங்கியது. மாங்காயின் தோல், சதை, கொட்டையின் ஓடு மூன்றும் ஒரே சுற்றுக்கனியத்தின் மூன்று படைகள். தேங்காயும் அதே வகை. சதை இருக்க வேண்டிய இடத்தில் தும்பு இருப்பதால் மிதக்கிறது. நாவலின் சதை பறவைக்கும் வௌவாலுக்கும் கொடுக்கும் கூலி. தாழங்காயோ பல பூக்களின் கனிகள் சேர்ந்து ஒன்றாய் நிற்பது.

படுவான்கரைப் பிள்ளை அன்று பிந்தித்தான் வந்தாள். மண்முனையில் பாலம் 2014இல்தான் வந்தது. படகுப்பாதையில் கடந்து, சாவடியில் "இது என்ன?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லி, முழ நீளப் பச்சைக் காய் ஒன்றுடன் வாசலில் நின்றாள். அவளுடைய ஊர்ப் பெயரில் மரம் இல்லை. வாவிக்கரைக் கண்டலில் பறித்திருக்கிறாள்.

ரீச்சர் அதை வாங்கிப் பார்த்து, "இது காயில்ல, பிள்ளை" என்றார்.

உண்மைதான். கண்டலின் கனி மேலே கபில நிறத்தில் சிறிதாக இருப்பது. வித்து மரத்திலிருக்கும்போதே கனிக்குள் முளைத்து, தண்டு வெளியே நீண்டு தொங்குகிறது. விழுந்ததும் தண்ணீரில் படுத்தபடி மிதக்கும். நாளடைவில் வேர்முனை கனத்து நிமிரும். சேறு தட்டுப்பட்டால் வேர் விடும். கண்ணா மரத்தின் பிள்ளை கனித்தோலுக்குள் மறைந்தே வளர்ந்து, நனைந்ததும் தோலைக் கழற்றும். கிண்ணை அப்படியல்ல. அதன் உருண்டைப் பழத்தில் சிறு வித்துகள் நிறைந்திருக்கும். தில்லையின் காய் வெடித்து வித்தை எறியும். தில்லைப் பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். வைத்தியராக இன்று சொல்வது இது ஒன்றுதான்.

2004 டிசம்பர் 26 காலை நாவலடியைக் கடல் வாரிக்கொண்டது. தேங்காய் தூக்கி வந்த எங்கள் தோழியும் போனாள். அதன்பின் கண்டல் நட்டால் கரை காக்கும் என்று நாடெங்கும் நட்டார்கள். நாங்களும் அவள் பெயரைச் சொல்லி வாவியில் நட்டோம். படம் எடுத்தோம், அழுதோம், வீடு திரும்பினோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தபோது ஒன்றும் இல்லை.

எங்கள் கைராசி என்றுதான் நினைத்தோம். 2017இல் வெளியான ஆய்வொன்று இலங்கையில் இப்படி நட்ட 23 இடங்களைப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. கையால் சேற்றில் குத்த எளிது என்பதால் கண்டலையே பெரும்பாலும் நட்டார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கனிக்கும் அதற்கேற்ற இடம் உண்டு என்று அந்த மேசையில் படித்திருந்தும் மறந்தோம்.

இதை இன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நூற்றாண்டு நினைவாக நூறு கண்டல் நட வேண்டும் என்று சங்கத்துக்கு யோசனை வந்துள்ளது. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எங்கள் வேண்டுகோள், முதலில் ஒரு வருடம் பார்ப்போம். உயர்தர உயிரியல் மாணவியருக்கு ஒரு தோணியும் குறிப்புப் புத்தகங்களும் கொடுப்போம். எந்தப் பிள்ளை எங்கே தானாக ஒதுங்கி வேர் விடுகிறது, முகத்துவாரம் வெட்டும்போது தண்ணீர் எவ்வளவு வற்றுகிறது என்று அவர்கள் எழுதட்டும். பிளாஸ்ரிக்கை அகற்றி, தானாய் வந்ததை மிதிபடாமல் காப்போம். பிறகும் வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில், அங்கே எது நிற்குமோ அதை நடுவோம். படத்துக்கு அழகாக இராது. ஆனால் நிற்கும்.

அன்று பிந்தி வந்தவள் இன்று முன்வரிசையில் இருக்கிறாள். இப்போது அவளே உயிரியல் ரீச்சர். தோணியில் பிள்ளைகளோடு போகச் சம்மதித்துவிட்டாள்.

கண்டல் பிள்ளை தாயிலேயே முளைவிட்ட பிறகுதான் தண்ணீரில் விழுகிறது. ரொறொன்ரோவில் ஒதுங்கினாலும் ஆரையம்பதியில் நின்றாலும் நாம் எல்லோரும் முளைவிட்டது இங்கேதான்.