செய்விப்போர் அறம்

(பள்ளிக்கு ஆண்டுதோறும் நன்கொடை திரட்டித் தரும் முன்னாள் மாணவத் தொண்டர்களைப் பாராட்டி, அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சமணத் துறவியர் உறைந்த இடத்திற்குத் தமிழில் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்கும் இடத்திற்கும் அதுவே பெயர். துறவறமும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்ததற்கு அச்சொல்லே சான்றாகும்.

வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியும், 500 மாணவியரும் அங்கே இருந்தமையை அது கூறுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரைச் சார்ந்த இல்லறத்தார் ஏற்றுக்கொண்டனர். உணவளித்தல் ஒருநாளில் முடியும் செயலன்று. நாள்தோறும், ஆண்டுதோறும் தொடரவேண்டிய கடமை அது.

இன்றைய பள்ளியின் நிலையும் அதுவே. கட்டடம் ஒருமுறை கட்டினால் போதும். அதைப் பெருக்கித் தூய்மை செய்வது நாள்தோறும் வேண்டும். நூலகத்திற்கு அலமாரி ஒருமுறை வாங்கலாம். புதிய நூல்கள் ஆண்டுதோறும் வேண்டும். பள்ளியே ஊதியம் தந்து அமர்த்தியுள்ள ஆசிரியருக்கோ மாதந்தோறும் ஊதியம் வேண்டும். கல்லில் பெயர் பொறிக்கத்தக்க பெருங்கொடைகள் இச்செலவுகளுக்கு வருவது அரிது. ஓராண்டு நன்கொடை குறைந்தால் அந்த ஆசிரியர் இடையிலேயே விடைபெற நேரும். கணக்குப் பாடம் பாதியில் நிற்கும். இழப்பு, ஒன்றும் அறியாத பிள்ளைகளுக்கே.

இக்குறையை நிறைப்பவர்களே இத்தொண்டர்கள். தத்தம் ஆண்டில் உடன்பயின்றோர் பெயர்களைப் பழைய பதிவேட்டிலிருந்து திரட்டுகின்றனர். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளோரின் தொலைபேசி எண்களைத் தேடிப் பெறுகின்றனர். உழவரிடம் அறுவடைக்குப் பின்னும், மாத ஊதியம் பெறுவோரிடம் மாதத் தொடக்கத்திலும் கேட்கின்றனர். பெற்ற தொகைக்கு உடனே பற்றுச்சீட்டு அனுப்புகின்றனர். ஆண்டு முடிவில் அப்பணம் எவ்வாறு செலவாயிற்று என்று எழுதுகின்றனர். அடுத்த ஆண்டு கேட்கும்போது தயக்கமின்றிக் கை நீள்வதற்கு அந்தக் கணக்கே காரணம்.

தமக்காகக் கேட்பது எளிதன்று; பிறருக்காகக் கேட்பதும் எளிதன்று. எடுக்கப்படாத அழைப்புகள் உண்டு. "போன ஆண்டுதானே கொடுத்தோம்" என்னும் சலிப்பு உண்டு. "இதில் உனக்கென்ன?" என்னும் ஏளனமும் உண்டு. அவற்றையெல்லாம் சினமின்றிப் பொறுத்து மீண்டும் கேட்பதற்கு, மானத்தைச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும். அதுவும் ஒருவகைத் துறவே.

இவர்கள் கொடுத்தவர்களா, கொடுக்கச் செய்தவர்களா என்று சிலர் வினவலாம். நம் சமயம் அதற்குத் தெளிவான விடை தருகிறது. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றுமே வினைப்பயனுக்கு உரியவை. தீவினைக்கு இவ்விதி பொருந்துவது போலவே நல்வினைக்கும் பொருந்தும். கழுகுமலைப் பாறையில் வரிசையாகத் திகழும் திருமேனிகளின் கீழ் வட்டெழுத்தில் பெயர்கள் உள்ளன. உளி பிடித்தவர் பெயர்களல்ல அவை; செய்வித்தவர் பெயர்கள். அவர்களுள் தச்சரும் உண்டு, குயவரும் உண்டு. பல ஊரார், பல தொழிலார் தனித்தனியே செய்வித்த சிறு திருமேனிகள் சேர்ந்தே அம்மலைக்குப் பெருமை தந்தன.

கொடையின் சிறப்பு தொகையால் மட்டும் அமைவதன்று. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர் மனம், பெறுபவர் தகுதி ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்கச் சொல்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஆகவேதான் இத்தொண்டர்கள் வெளியிடும் பட்டியலில் பெயர்கள் மட்டுமே உள்ளன; தொகைகள் இல்லை. நூறு ரூபாய் தந்த உழவரும் பல்லாயிரம் தந்த பொறியாளரும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றனர். இவ்வாண்டு தர இயலாதவரிடம் காரணம் கேட்பதில்லை என்பதையும் இவர்கள் நெறியாகக் கொண்டுள்ளனர். தர இயலாமை இழிவன்று, மறந்துபோதலே குறை.

பசிக்கு உணவு, பிணிக்கு மருந்து, அஞ்சினோர்க்கு அடைக்கலம், அறியாமைக்குச் சாத்திரம் என்று தானம் நான்கு. நான்காவதன் பயனை இளமையிலேயே பெற்றவர்கள் இவர்கள். பெற்றதை அடுத்த தலைமுறைக்கு மடைமாற்றுகின்றனர்.

இவர்கள் தோளில் இன்று ஏறும் பொன்னாடை சில மணி நேரத்தில் மடிக்கப்படும். உண்மையான பாராட்டு அவையோரிடம் உள்ளது. அடுத்த முறை இவர்கள் அழைக்கும்போது தொலைபேசியை எடுங்கள். இயன்றதைக் கொடுங்கள், இயலாதாயின் ஓர் இனிய சொல் சொல்லுங்கள். இளையோர் சிலர் இவர்களோடு சேர்ந்து அடுத்த பட்டியலை எழுதுங்கள். செய்வோரும் செய்விப்போரும் உடன்படுவோரும் ஒன்றுகூடினால் பள்ளி வாழும். பள்ளி வாழ்ந்தால் அறம் வாழும்.

வாழ்க அவர்தம் தொண்டு!