எங்களைக் கேட்டுவிட்டுத் திறங்கள்!

(சாமளாபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஷிப்டு முடித்த கையோடு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தறிக்காரச் சொந்தங்களே, பனியன் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் தங்கைகளே!

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீதியில் மதுக்கடையோ பாரோ வருவதாக இருந்தால், அந்த வீதியில் குடியிருக்கிறவர்களைக் கேட்க வேண்டும். பூட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன பதிலை எழுத்தில் பதிய வேண்டும். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று பேச வேறு மேடைகள் இருக்கின்றன. அதில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. இன்றைக்கு நான் கேட்பது அதைவிடச் சிறியது. இத்தனை சிறியதைக்கூடத் தர மறுக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

2017 ஏப்ரல் 11-ஆம் தேதியை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை எதுவானாலும் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. நம் மாநிலத்து வழக்கறிஞர் பாலு போராடிப் பெற்ற தீர்ப்பு அது. பிறகு 2017 மார்ச் 31 அன்று, இருபதாயிரமும் அதற்குக் குறைவாகவும் மக்கள் தொகை உள்ள ஊர்களுக்கு அந்தத் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தார்கள். மறுநாள் ஏப்ரல் 1. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறவர்களையும், அவர்கள் ஏற்றிக் கொல்கிறவர்களையும் காப்பாற்ற வந்த தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்தக் கடைகளில் பலவற்றை எங்கே கொண்டு போனார்கள்? லாரி டிரைவர் கண்ணில் படக் கூடாது என்று நெடுஞ்சாலையிலிருந்து அகற்றிய பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் குழாயடியில் வைத்தார்கள். ஊருக்குள் புது இடம் பார்த்தார்கள். வாடகை பேசினார்கள், ஷட்டர் போட்டார்கள், பெட்டிகளை இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சேதி தெரிந்ததே பெட்டி இறங்கும்போதுதான். அந்த ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு முழுவதும் பெண்கள் வீதிக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். யாரும் தூண்டிவிடவில்லை, எந்தக் கட்சியும் லாரி வைத்து ஆள் கூட்டவில்லை.

ஏப்ரல் 11 அன்று சாமளாபுரத்துப் பெண்களும் வந்தார்கள். சாலையில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்து பேசினார். அதற்கப்புறம் தடியடி. ஆண்கள் மண்டை உடைந்து ரத்தம் வழிய நின்றார்கள். ஒரு கூடுதல் காவல் கண்காணிப்பாளர், கையில் ஒரு குச்சிகூட இல்லாத ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். கேமரா அதைப் பார்த்தது, நாடே பார்த்தது. அந்தச் சகோதரிக்குக் காது கேட்பதில் பாதிப்பு என்று அப்போதே செய்தி வந்தது. அவர் பெயரை நான் மேடையில் சொல்ல மாட்டேன். அவர் இந்த ஊர்க்காரர், நிம்மதியாக வாழட்டும்.

அன்று அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள்? இழப்பீடு கேட்டார்களா, வேலை கேட்டார்களா, பட்டா கேட்டார்களா? "ஏனுங்க, இந்தக் கடை இங்க வேணும்னு யாருங்க கேட்டாங்க?" இது ஒன்றைத்தான் கேட்டார்கள். அதற்கு ஆட்சியரோ தாசில்தாரோ காகிதத்தில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவர்களிடம் காகிதமே இல்லை. ஏனென்றால் யாரையும் கேட்கவே இல்லை. பதில் இல்லாத இடத்தில் கை நீண்டது.

கடை வரவில்லை. பெண்கள் ஜெயித்தார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு கடை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு பெண் அறை வாங்க வேண்டும், நாலு பேர் மண்டை உடைய வேண்டும், அதை ஒருவர் செல்போனில் படம் பிடிக்க வேண்டும், அது டி.வி.யில் ஓட வேண்டும். படம் பிடிக்க ஆளில்லாத ஊர்களில் என்ன நடந்திருக்கும்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2003-இல் அரசே சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தபோது அதற்கென்று விதிகள் எழுதினார்கள். அதில் இடத்தைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. மாநகராட்சியிலும் நகராட்சியிலும் வழிபாட்டுத் தலத்துக்கோ கல்வி நிலையத்துக்கோ 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். நம்முடையது பேரூராட்சி, ஆகவே நமக்கு 100 மீட்டர். கோயில் கணக்கில் வருகிறது, பள்ளிக்கூடம் கணக்கில் வருகிறது. வீடு வருகிறதா? வரவில்லை. பெண்கள் நின்று தண்ணீர் பிடிக்கிற குழாய்? வரவில்லை. பனியன் கம்பெனி வேன் நின்று ஆள் ஏற்றுகிற, இறக்குகிற முக்கு? அதுவும் வரவில்லை. டேப்பைப் பிடித்து அளக்கிற அதிகாரி கோயில் வாசலைத் தேடுகிறார். நடுவில் எத்தனை வீட்டு வாசல்களைத் தாண்டி அந்த டேப் போகிறது என்று அவர் எண்ண வேண்டியதில்லை. சட்டம் அவரை எண்ணச் சொல்லவில்லை.

அந்த வாசல்களில் இருக்கிறவர்கள் யார்? காலையில் கம்பெனிக்குப் போய் செக்கிங்கும் கைமடியும் செய்துவிட்டு, அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு, ராத்திரி எட்டரை மணிக்கு வேனிலிருந்து இறங்குகிற பெண். தறிக்குடோனில் காதடைக்கும் சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு, தலையில் பஞ்சு ஒட்டியபடி நடந்து வருகிற பெண். அவள் இறங்குகிற நேரம்தான் பாரில் கூட்டம் நிறைகிற நேரம். கடை ராத்திரி பத்து மணிவரை. அவள் வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் வண்டிகள். நடுவில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள், சுவரோரம் ஒதுங்குகிறவர்கள். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். வாரச் சம்பளம் கையில் கிடைக்கிற நாள் அது. அந்தக் கவர் வீட்டு வாசலுக்கு முன்னால் வேறு எந்த வாசலைத் தாண்டி வர வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பை எடுப்பதும் எடுக்காததும். இந்தப் பெண்ணின் நடைபாதையைப் பற்றி எந்த விதியில் எழுதியிருக்கிறது? காட்டுங்கள், நான் இந்த மேடையை விட்டு இறங்குகிறேன்.

அடுத்து பார். கடையை ஒட்டிய பாரில், தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் டெண்டர் விட்டு உரிமம் கொடுக்கிறார்கள். டெண்டர் எடுப்பவர் அந்தக் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டுமா வேண்டாமா என்று பெரிய வழக்கே நடந்து உயர் நீதிமன்றம் வரை போனது. எனக்கு அதில் மறுப்பில்லை. இடத்துச் சொந்தக்காரரைக் கேட்காமல் அவர் இடத்தில் பார் நடத்தக் கூடாது, நியாயம்தான். ஆனால் இத்தனை வாதத்தில், அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டில் கட்டித் தூங்க வைக்கிறவளின் சம்மதத்தைப் பற்றி ஒரு வரி? சுவரின் அந்தப் பக்கத்துக்குச் சம்மதக் கடிதம் உண்டு, இந்தப் பக்கத்துக்குக் கிடையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மனமகிழ் மன்றம் என்று போர்டு மாட்டுகிறார்கள். எஃப்.எல்.2 உரிமம். உறுப்பினர்கள் மட்டும் குடிக்கலாம் என்பது நிபந்தனை. 2023 ஜூன் 22 அன்று அரசின் 500 டாஸ்மாக் மதுக்கடைகளை மூடினார்கள், அதற்கு முன்னால் 2016-இலும் 2017-இலும் ஐந்நூறு ஐந்நூறாக மூடினார்கள். எல்லாவற்றையும் வரவேற்றோம். ஆனால் முன்வாசலில் கடை எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுப் பின்வாசலில் மன்றங்களுக்கு உரிமம் கொடுத்தால் அந்த வீதிக்கு என்ன லாபம்? மன்றத்துக்கு யார் விண்ணப்பித்தார்கள், எந்தத் தேதியில், எந்தக் கதவு எண்ணுக்கு? உங்களில் ஒருவருக்காவது விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது தெரிந்ததுண்டா? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

ஒரு கையும் இல்லை.

சரி, உலகத்தில் வேறு எங்கும் இதைக் கேட்பதில்லையா? நாம் பனியன் தைத்து அனுப்புகிறோமே இங்கிலாந்து, அந்த ஊரில் ஒருவர் ஒரு தெருமுனையில் சின்னதாக ஒரு பார் திறக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் அங்கே இருக்கிறது. நம் விதிகள் வந்த அதே வருடம்! விண்ணப்பம் போட்டவர் வெளிர் நீலக் காகிதத்தில் அறிவிப்பு அச்சடித்து, அந்தக் கட்டடத்தில், வீதியில் போகிறவர் படிக்கிற மாதிரி ஒட்ட வேண்டும். 28 நாள் அது அங்கே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த 28 நாளுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். எழுதிவிட்டால், உள்ளாட்சி மன்றத்து உறுப்பினர்கள் குழுவாக உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் விசாரிக்க வேண்டும். குற்றம் பெருகுமா, பாதுகாப்பு கெடுமா, பொதுமக்களுக்குத் தொல்லையா, குழந்தைகளுக்குக் கேடா என்று நாலு கோணத்தில் பார்க்க வேண்டும். நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை போடலாம், உரிமமே இல்லை என்றும் சொல்லலாம். உரிமம் கொடுத்த பிறகு தொல்லை வந்தால் மறுபரிசீலனை கேட்கவும் அந்த வீதிக்காரருக்கு உரிமை உண்டு. குடியைக் கொண்டாடுகிற நாடு அது. மதுவிலக்கு என்ற பேச்சே அங்கே கிடையாது. அவர்களே கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார்கள்.

வெளிநாடு எதற்கு என்பீர்கள். மகாராஷ்டிரத்துக்குப் போங்கள். அங்கே ஒரு வார்டிலோ கிராமத்திலோ நூற்றுக்கு இருபத்தைந்து பெண் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால், மதுக்கடைக்கு வாக்கெடுப்பு நடத்த வழி இருக்கிறது. வாக்குச்சீட்டில் நிற்கிற பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. நின்றால் கடை இருக்கும், படுத்தால் மூட வேண்டும். பாதிக்கு மேல் பெண்கள் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடைக்குப் பூட்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் போய்ப் போட்டுவிட்டு வருகிறாள், யாரும் அவளை அறைவதில்லை. கேரளத்தில் கடைக்கு உள்ளாட்சியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதை 2017-இல் அவசரச் சட்டம் போட்டு எடுத்தார்கள். எடுத்தது தவறு என்றுதான் நான் சொல்வேன்.

நமக்கு என்ன இருக்கிறது? கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாவது போடலாம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்று நீதிமன்றங்களில் வாதம் நடக்கட்டும், உட்கார்ந்து பேச ஒரு சபையாவது இருக்கிறது. சாமளாபுரம் பேரூராட்சி. நமக்குக் கிராம சபை கிடையாது. மன்ற உறுப்பினர்களைப் பார்த்து முறையிடலாம். அவர்களிடமும் உரிமம் கொடுக்கிற அதிகாரமோ தடுக்கிற அதிகாரமோ இல்லை.

மறுப்புச் சொல்கிறவர்கள் இரண்டு வாதம் வைக்கிறார்கள். ஒன்று, வருமானம். 2023-24-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதை நிறுத்தினால் உதவித்தொகை எப்படி, பஸ் எப்படி என்கிறார்கள். நிறுத்தச் சொல்லி நான் இங்கே பேசவில்லையே! கேட்டுவிட்டுத் திற என்கிறேன். கேட்டால் எந்த வீதியும் சம்மதிக்காது என்று பயமா? அப்படியானால், எவரும் விரும்பாத ஒன்றை எல்லோர் வாசலிலும் வைத்துத்தான் இந்தப் பணம் வருகிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது, கள்ளச்சாராயம். பக்கத்தில் கடை இல்லாவிட்டால் விஷச்சாராயம் குடித்துச் சாவார்கள் என்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் குடித்துச் செத்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கா இருந்தது? டாஸ்மாக் திறந்திருந்த காலத்தில்தானே அந்த உயிர்கள் போயின! விஷத்தைத் தடுப்பது போலீஸின் வேலை. அதற்கு எங்கள் வீதியைப் பணயம் வைக்காதீர்கள்.

பெண்கள் வீதியில் உட்காருவது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியாரைக் கைது செய்த பிறகு அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் மறியலைக் கையில் எடுத்து நடத்தினார்கள். நம் காலத்தில், மதுவுக்கு எதிராகப் போராடிய சசிபெருமாள் ஐயா 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் ஒரே ஒரு கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறி, அங்கேயே உயிரை விட்டார். ஒரு கடைக்காக ஒரு மனிதர்! அவர் கொடுத்த மனுக்களை விசாரிக்க ஒரு முறை இருந்திருந்தால், மேசையும் நாற்காலியும் போட்டு அவரை உட்கார வைத்துக் கேட்டிருந்தால், அவர் ஏன் கோபுரம் ஏறப்போகிறார்?

ஆகவே நம் கோரிக்கை மனுவில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். கடையோ பாரோ மன்றமோ, எதற்கு விண்ணப்பம் வந்தாலும் அந்தக் கட்டட வாசலில் தமிழில், பெரிய எழுத்தில், முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். பேரூராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபணை வந்தால் பெண்கள் வேலைக்குப் போகாத நாளில், ஞாயிற்றுக்கிழமையில், ஊருக்குள்ளேயே விசாரணை நடத்த வேண்டும். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும். விசாரணை முடிந்து எழுத்தில் உத்தரவு வரும்வரை ஒரு பெட்டிகூட இறங்கக் கூடாது.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். பல்லடம் ரோட்டில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். ஒரு ஷிப்டு கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். முடியாதவர்கள் வர வேண்டாம், கையெழுத்து மட்டும் கொடுத்தால் போதும். மேடைக்கு இடதுபுறம் மேசை போட்டிருக்கிறது. பெயர், கதவு எண், வீதி மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் கதவு எண்ணை எழுதிக் கொடுங்கள். பெட்டி இறக்க வருகிறவன் அந்தக் கதவு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். வாருங்கள், முன்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.