சிறுகதையில் மதிப்பைத் தேடுவோர்



எங்கள் திருத்தணியின் கடைத்தெருவில் ஒரு காலைப் பொழுது நின்று செவி கொடுத்தால், ஊரார் யார் யாரை எந்தப் படியில் வைத்திருக்கின்றனர் என்பது விளங்கிவிடும். இளவயது அதிகாரி வந்தால் 'வாருங்கள்' என்பர். நரைத்த தலையுடன் மூட்டை சுமந்து வருபவரை 'வா' என்பர். 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது; ஆகவே தெலுங்கும் இங்குப் புழங்கும். அம்மொழியிலும் சிலர் பெயருக்குப் பின்னால் 'காரு' வரும். சிலர் பெயருக்குப் பின்னால் வருவதில்லை. ஒருவரைப் பன்மை விகுதியால் உயர்த்திச் சொல்வதை இலக்கணம் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. அந்த 'ஆர்' விகுதி யாருக்கு உரியது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று கேட்பது சிறுகதையின் வேலை.

உலகச் சிறுகதையில் இக்கேள்வியைக் கேட்டவர்களுள் ருஷ்யாவின் கோகோல் முக்கியமானவர். 1842-இல் வெளிவந்த அவருடைய 'மேலங்கி' என்னும் கதையில், படியெடுக்கும் எழுத்தர் ஒருவர் வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்துப் புதிய மேலங்கி தைத்துக்கொள்கிறார். அதுவரை அவரை ஏளனம் செய்த அலுவலகம் அன்று அவரைச் சூழ்ந்து பாராட்டுகிறது. மனிதர் மாறவில்லை, அங்கிதான் மாறியது. அன்றிரவே அது பறிபோகிறது.

தமிழில் இதைக் குழந்தைகளின் உலகிலே வைத்துக் காட்டியவர் கு. அழகிரிசாமி. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவல் அவரது ஊர். வீட்டு மொழி தெலுங்கு, எழுதியது தமிழ். இருமொழி ஊரினனாகிய எனக்கு அவரிடம் சற்றுக் கூடுதலான உரிமை உண்டென்று நினைத்துக்கொள்வேன்.

'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி: என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா? செல்வர் வீட்டு ராமசாமியின் பட்டுச் சட்டைவரை அது போகிறது. ஏழைப் பிள்ளைகள் சளைக்கவில்லை. பட்டுச் சட்டை விரைவில் கிழிந்துவிடுமே என்கின்றனர்! இல்லாதவன் தன் மதிப்பைக் காத்துக்கொள்ளக் கையாளும் வாதத்திறம் இது. வழக்குமன்றத்திலும் இத்தகைய திறமையைக் காண்பது அரிது.

தீபாவளியை ஒட்டி அவ்வேழை வீட்டிற்கு ஓர் அநாதைச் சிறுவன் வருகிறான். உடம்பெல்லாம் சிரங்கு, பெயரோ ராஜா. அந்த வீட்டுத் தாய் அவனைக் குளிப்பாட்டி, உணவிட்டு, கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டையே அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். ராமசாமியின் வீட்டிற்கும் ராஜா ஒருவர் வந்திருக்கிறார், அவனுடைய அக்காளின் கணவர். எங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சிறுமி மங்கம்மாள் அவனிடம் சொல்லிவிடுகிறாள். சிறுமி 'வந்திருக்கிறான்' என்கிறாள். ஆசிரியரோ தலைப்பில் 'வந்திருக்கிறார்' என்று எழுதுகிறார். சிரங்கு பிடித்த சிறுவனுக்கும் அந்த விகுதியில் பங்கு கிடைத்துவிடுகிறது.

இக்கதையை நான் உரிய காலத்தில் படிக்கவில்லை. 1980-களில் ஆசிரியப் பணியேற்ற புதிதில், தீபாவளி விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று, "புத்தாடை உடுத்தியவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றேன். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளநூல் கற்று வந்தவன்தான்! நால்வர் எழவில்லை. சற்றுப் பொறுத்து அவர்களுள் ஒருவன் எழுந்து, "என் புதுச் சட்டை வீட்டில் இருக்கிறது ஐயா" என்றான். "நாளைக்கு அணிந்து வா" என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். மறுநாள் தொடங்கி நான்கு நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் கேட்ட கேள்வி என்ன கேள்வி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாம் நாள் வந்தவனிடம் சட்டையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதன் பின்னரே அழகிரிசாமியை முறையாகப் படித்தேன். 1970-இல் அவர் மறைந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு அவருடைய 'அன்பளிப்பு' என்னும் தொகுதிக்குக் கிடைத்தது. அப்பெயருள்ள கதையைக் கல்லூரி மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்கவேண்டும். அதில் வரும் சாரங்கனுக்கு உண்ணவோ உடுக்கவோ குறைவில்லை. ஆகையால் இதனை வறுமைக் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. பிள்ளைகளிடம் அன்புடைய ஒருவர் மற்றச் சிறுவர்க்கு டைரி பரிசளிக்கிறார், சாரங்கனுக்கு இல்லை. கொடுக்காதது பகையினாலன்று, அவன் அவர் நினைவில் அவ்வளவாக இல்லை, அவ்வளவே. வகுப்பறையில் இப்படி விடுபட்டுப்போகும் பிள்ளை எப்போதும் ஒருவன் இருப்பான். பெரும்பாலும் தொல்லை தராத பிள்ளை.

சாரங்கன் அழவில்லை, முறையிடவும் இல்லை. அவரை வற்புறுத்தித் தன் வீட்டிற்கு அழைக்கிறான். சிற்றுண்டி கொடுத்து உபசரிக்கிறான். பிறகு ஒரு டைரியை எடுத்து அவரிடம் நீட்டி எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுதுவது என்று அவர் கேட்கிறார். தன் பெயரிட்டு, பிரியமானவன் என்று குறித்து, அன்பளிப்பு என எழுதவேண்டும் என்று சாரங்கனே சொல்லிக்கொடுக்கிறான்.