மாலைப் பசிக்கு மாட்டிறைச்சி ரொட்டி

(வெள்ளி விழாவின் பெற்றோர் அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எங்களுக்கு அளித்த தலைப்பு 'இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கல்வி வளர்ச்சி' என்பதாகும். அதனைப் பற்றிப் பேச எங்களினும் தகுதியுடையோர் இம்மேடையிலேயே மூவர் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, தலைவரின் இசைவு பெற்று, நாங்கள் சமையலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். தலைமையாசிரியருக்கும் அடுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், அத்தொடர்பு நம்முடைய மாலைநேரக் கல்விக்கூடத்தில்தான் தொடங்கியது.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை ஏழு மணி இருக்கும். கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேசைமீது தலையைச் சாய்த்திருந்தாள். உறங்குகிறாள் என்று எண்ணினோம். எல்லார் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிற்கவைத்து, "படிக்க வந்தாயா, படுக்க வந்தாயா?" என்று கேட்டோம். நின்றவள் நின்றவாறே சரிந்து விழுந்தாள். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது இரத்தச்சோகை என்று தெரிந்தது. அவள் தாய் காலணி ஆலையில் தையற்பிரிவில் வேலை செய்பவர். வீடு திரும்ப ஆறரை மணி ஆகும். பள்ளியில் நண்பகல் உண்ட சோற்றுக்குப் பின், இரவு ஒன்பது மணிவரை அப்பெண்ணின் வயிற்றில் விழுந்தது ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் மட்டுமே. அன்று நாங்கள் சொன்ன சொல்லை நினைத்து இன்றும் நாணுகிறோம்.

அதன்பின்தான் கூடத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, "மாலையில் என்ன உண்டாய்?" என்று கேட்கத் தொடங்கினோம். பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் சத்துணவுத் திட்டம் வந்தது. நண்பகற்பசி ஓரளவு தீர்ந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் காலைப் பசியோடு வகுப்பில் அமரும் நிலை மாறியது. ஆனால், அத்திட்டம் ஐந்தாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டது. மாலையோ எந்த வகுப்புப் பிள்ளைக்கும் வீட்டின் பொறுப்புத்தான். அந்த வீட்டில் மாலை ஆறு மணிக்கு ஆள் இல்லை. ஆறரைக்கு வரும் தாய் அரிசி களைந்து, உலை வைத்து, குழம்பு கூட்டி இறக்குவதற்குள் எட்டு மணி ஆகிவிடுகிறது. பாடத்தின் பாதி நேரத்தைப் பசியே விழுங்கிவிடுகிறது.

எனவே, வீடு வந்த பதினைந்து நிமிடங்களுக்குள் சூடாகப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடியதாய், வயிறு நிறைவதாய், இரத்தம் ஊறுவதாய் ஓர் உணவு வேண்டும். நாங்கள் பரிந்துரைப்பது, ரொட்டித் துண்டுகளுக்கிடையே சுடச்சுட மாட்டிறைச்சி.

ஏன் மாட்டிறைச்சி? முதற்காரணம் விலை. ஆட்டிறைச்சி வாங்கும் பணத்தில் இரண்டு மடங்குக்கு மேல் மாட்டிறைச்சி வாங்கலாம் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது, அதிலுள்ள சத்து. கொழுப்பு நீக்கிய 100 கிராம் இறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. கீரையிலும் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் இறைச்சியிலுள்ள இரும்பை நம் உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளுமளவுக்குக் கீரையின் இரும்பை ஏற்றுக்கொள்வதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பதைக் காட்டியது. நம் தெருக்கள் அதற்கு விலக்கல்ல.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். இவ்வுரையின் பொருளைச் சொன்னபோது நம் சங்கத்தின் மூத்தவர் ஒருவர், "ஐயா, வெள்ளி விழா மேடையில் இதைப் பேசத்தான் வேண்டுமா? நம்மை இழித்தவர்கள் இதைச் சொல்லித்தானே இழித்தார்கள்?" என்று வருந்திக் கேட்டார். அவர் வருத்தம் நியாயமானது. அவர் தலைமுறையில் பலர், மானம் கருதியே மாட்டிறைச்சியைக் கைவிட்டவர்கள். 1927ஆம் ஆண்டு மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழியுங்கள் என்று நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். செத்த மாட்டை இழுத்துச் செல்லும் இழிதொழிலும் அதனோடு பிணைந்த அடிமைத்தனமும் ஒழிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே அண்ணல்தான் 1948ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்ணும் வழக்கத்தோடு இணைத்து ஆராய்ந்து, இந்த இழிவு எங்ஙனம் நம்மீது சுமத்தப்பட்டது என்று காட்டினார். நாம் இன்று கடையில் விலைகொடுத்து வாங்குவது உணவுக்கென அறுத்த மாட்டின் புதிய இறைச்சி. இரண்டும் ஒன்றல்ல. உண்ணாதிருப்பவர் உண்ணாதிருக்கட்டும், அது அவர் உரிமை. உண்பவர் ஒளிந்து உண்ண வேண்டியதில்லை என்பதே நாங்கள் அப்பெரியவரிடம் சொன்னது. அவர் இன்னும் முழுமனத்தோடு ஒப்பவில்லை. ஆயினும் முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

எங்கள் தலைமுறையில் பள்ளிக்கு மாட்டிறைச்சிக் குழம்பு கொண்டுசென்ற பிள்ளைகள், தூக்குச்சட்டியின் மூடியை முழுதும் திறக்காமல், ஒரு கையால் மறைத்தபடி மரத்தடியில் தனியே உண்டோம். வாசனை வெளிப்படுமோ என்ற அச்சத்தில் பாதிச் சோற்றை நாய்க்கு வைத்த நாள்களும் உண்டு. அது பழங்கதை என்று சொல்வதற்கில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதம் ஆம்பூரில் நடத்தத் திட்டமிட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள், எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணங்காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரிலேயே இந்நிலை என்றால் மற்ற ஊர்களைப் பற்றி என்ன சொல்ல!

இனிச் சமையலுக்கு வருவோம். ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சி வைத்து உண்பதைச் 'சாண்ட்விச்' என்று ஆங்கிலேயர் அழைக்கின்றனர். வரலாற்றாசிரியர் எட்வர்டு கிப்பன் 1762ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் இச்சொல்லைக் குறித்திருக்கிறார். சீட்டாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாத ஒரு பிரபுவின் பெயரால் வந்தது என்பர். பிரபுக்களின் கதை நமக்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து உழைப்பாளர்களின் கதை. அங்கே 1865ஆம் ஆண்டு திறந்து 1971வரை இயங்கிய மாபெரும் கால்நடைச் சந்தையும் இறைச்சித் தொழிற்சாலைகளும் இருந்தன. அங்கு வேலை செய்த இத்தாலியக் குடியேறிகளுக்கு மலிவாகக் கிடைத்தது விலைபோகாத கடினமான இறைச்சி. அதை நெடுநேரம் வேகவைத்து, தாள்போல் மெல்லியதாக அரிந்து, அதன் சாற்றிலேயே தோய்த்து, ரொட்டியில் வைத்து உண்டனர் என்று சொல்வார்கள். சிறிதளவு இறைச்சி பலருக்குப் போதுமானதாயிற்று. இன்று அது அந்நகரத்தின் பெருமைக்குரிய உணவு. நாங்கள் கைக்கொண்டது அவர்களுடைய முறையைத்தான். மசாலை மட்டும் நம்முடையது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ வாங்குங்கள். கடைக்காரர் வழக்கம்போல் சிறு துண்டுகளாக வெட்டப் பார்ப்பார், விடாதீர்கள். கைப்பிடியளவு பெரிய துண்டுகள் நான்கோ ஐந்தோ போதும். உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, இஞ்சி பூண்டு, இரண்டு பெரிய வெங்காயம், பட்டை ஒரு சிறு துண்டு, தண்ணீர் இரண்டு குவளை. இவ்வளவும் குக்கரில் சேர வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம் விடுங்கள். முதிர்ந்த மாடாயின் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும். ஆவி தானாக அடங்கட்டும். கடினமான கறியின் நாரை ஈரச் சூடு மெல்ல இளக்கிக் கூழாக்கும். அவசரப்பட்டால் தோலைச் சவைப்பது போலிருக்கும்.

வெந்த கறியை அதன் சாற்றோடு மூன்று சிறு பாத்திரங்களில் பிரித்து, சற்று ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டா. மறுநாள் பார்த்தால் சாறு நுங்குபோல் உறைந்திருக்கும். கெட்டுவிட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள். அதுதான் சாரம். திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று மாலைகளுக்கு அது வரும். வியாழனுக்கு நீட்டாதீர்கள்; அன்று முட்டை இருக்கிறது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு பாத்திரத்தை எடுங்கள். குளிர்ந்த கறி கத்திக்கு நன்றாக நிற்கும். நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக, முடிந்தவரை மெல்லியதாக அரியுங்கள். முதன்முறை எங்கள் வீட்டில் நாரின் போக்கிலேயே அரிந்துவிட்டோம். எங்கள் மகன் ஒரு வாய் கடித்து இழுக்க, ரொட்டிக்குள் இருந்த கறி முழுவதும் கயிறுபோல் வெளியே வந்தது. "அப்பா, இது கறியா, கிணற்றுக் கயிறா?" என்று கேட்டான். குறுக்காக அரிந்தால் பல் விழுந்த பாட்டியும் உண்ணலாம்.

சாற்றை வாணலியில் ஊற்றித் தளதளவெனக் கொதிக்கவிட்டு, நீளவாக்கில் அரிந்த வெங்காயமும் பச்சை மிளகாயும் மிளகுத்தூளும் இட்டு, அரிந்த கறியைப் போட்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதித்ததும் இறக்குங்கள். அதற்குள் தோசைக்கல்லில் ரொட்டித் துண்டுகளை இருபுறமும் முறுகலாக வாட்டிவிடலாம். வாட்டாத ரொட்டி சாற்றில் ஊறிக் கையிலேயே கரைந்துவிடும். கறியை வைத்து, பச்சை வெங்காயத்தில் எலுமிச்சைச் சாறு பிழிந்து மேலே தூவி மூடுங்கள். எலுமிச்சை சுவைக்காக மட்டுமன்று. இரும்பு உடலில் சேர அது துணைசெய்யும். தேநீரோ அதைத் தடுக்கும். ஆகவே உணவோடு தேநீர் வேண்டா. ஒரு மணி நேரம் போகட்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் வீடு திரும்பும் வழியில் கால் கிலோ கொத்துக்கறி வாங்கிச் செல்லலாம். வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூளோடு இருபது நிமிடத்தில் வெந்துவிடும். கொத்துக்கறியில் சிவப்பு நிறம் சிறிதும் எஞ்சக் கூடாது. கொத்தும்போது மேலிருக்கும் கிருமி உள்ளே எல்லாம் பரவிவிடுகிறது. இவையெல்லாம் வருவதற்கு முன்பே நம் பாட்டிமார் விரைவு உணவு வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டா. கறியைப் பட்டையாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கொடியில் வெயிலில் காயவைத்த உப்புக்கண்டத்தை மழைநாளில் தணலில் சுட்டு, அம்மியில் தட்டிக் கொடுப்பார்கள். அதைத் தட்டி ரொட்டியில் வைத்தாலும் குற்றமில்லை. உப்பை மட்டும் ஊறவைத்துக் கழுவிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தந்தையரே, இதுவரை சொன்னவற்றைத் தாய்மார்களுக்குச் சொன்னதாக எண்ணி நீங்கள் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். இவ்வுரை உங்களுக்கும்தான். எங்கள் இல்லத்தில் இருவருமே பணிக்குச் செல்பவர்கள். ஐம்பது வயதுவரை குக்கரின் மூடியைத் திறக்கத் தெரியாதிருந்தோம், தவறு எங்களுடையதே. இப்போது செவ்வாய், புதன் ஆகிய இரு மாலைகளும் அடுப்படி எங்கள் பொறுப்பு. துணைவியார் அருகில் நின்று திருத்துவதையும் நிறுத்திவிட்டார்.

கல்விக்கூடத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். வீட்டில் உண்ண நேரமில்லாத பிள்ளை பொட்டலமாகக் கொண்டுவந்து, ஆறே முக்கால் மணிக்கு வராந்தாவில் அமர்ந்து உண்ணலாம். யார் என்ன கொண்டுவந்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஆசிரியர்களும் அப்போது அவர்களோடு அமர்ந்து உண்கிறோம். முதல் வாரம் சில பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்து உண்டனர். இப்போது வட்டமாக அமர்கின்றனர். அன்று மயங்கி விழுந்த பெண் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். இரும்பு மாத்திரையும் உண்டாள், ரொட்டியும் உண்டாள், கணக்கில் எங்களையே கேள்வி கேட்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம் என்பதையும், அவள் தாய் இங்கே அமர்ந்திருக்கும் இவ்வேளையில் சொல்லிக்கொள்கிறோம்.

நேரம் நண்பகலை நெருங்குகிறது. நேற்றிரவே பத்துக் கிலோ கறியை வேகவைத்துச் சாற்றோடு குளிரூட்டி வைத்திருந்தோம். பந்தலுக்குப் பின்னால் இரண்டு தோசைக்கற்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அரிவதற்கு நான்கு தந்தையர் வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு வேறு அடுப்பில், வேறு கல்லில் முட்டை ரொட்டி ஆயத்தமாகிறது. முதலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் வரட்டும். பெரியவர்கள் சற்றுப் பொறுத்திருங்கள். கைகழுவ நீர்த்தொட்டி வாயிலின் இடப்புறம் இருக்கிறது.