நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பிறகு



டிசம்பர் 24-ஆம் தேதி இரவு கத்தோலிக்க ஆலயங்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பப்பட்டு 1888-இல் திறக்கப்பட்ட ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயமாகட்டும், கோலாலம்பூர் புடு வட்டாரத்துப் புனித அந்தோணியார் ஆலயமாகட்டும், பினாங்கின் புனித சவேரியார் ஆலயமாகட்டும், எல்லா இடத்திலும் ஒரே காட்சிதான். பட்டுப்புடவை, புதுச்சட்டை, கைக்குழந்தை, பாடற்குழு, குடில். திருப்பலி முடிந்ததும் கைகுலுக்கல், கட்டித்தழுவல், வாழ்த்து.

அதன் பிறகு என்ன? இன்றைய மன்றத்தின் தலைப்பே அதுதான். ஆலயத்தில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் கத்தோலிக்கராக இருப்பது சுலபம். பாட்டு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பக்கத்தில் நிற்பவரும் சிரித்த முகத்தோடு நிற்கிறார். காரில் ஏறி வீடு திரும்பும்போது, சமையலறையில் நுழையும்போது, 26-ஆம் தேதி வேலைக்குப் போகும்போது அந்த விசுவாசம் கூடவே வருகிறதா, அல்லது குடிலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

நாள்காட்டி சொல்லும் பாடம்

கடைத்தொகுதிகளைப் பொறுத்தவரை கிறிஸ்துமஸ் நவம்பரில் தொடங்கி 25-ஆம் தேதி இரவோடு முடிந்துவிடும். ஆர்ச்சர்ட் சாலையில் 1984-இல் தொடங்கிய விளக்கு அலங்காரமும் நவம்பர் மாதத்திலேயே ஒளிவிட ஆரம்பித்துவிடுகிறது. திருச்சபையின் கணக்கு வேறு. முதலில் நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம். அது காத்திருப்பின் காலம். கிறிஸ்து பிறப்புக் காலமோ 25-ஆம் தேதியில்தான் தொடங்குகிறது. ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீள்கிறது.

பிறப்பு விழாவுக்கு மறுநாள் யாருடைய விழா தெரியுமா? முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் விழா. வெள்ளை உடுப்பு அணிந்த குரு ஒரே நாளில் சிவப்பு உடுப்புக்கு மாறிவிடுவார்.

ஸ்தேவான் கல்லால் எறியுண்டு இறந்தது பலருக்குத் தெரியும். அதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எருசலேமில் இருந்த தொடக்கத் திருச்சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்பது புகார். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவர்தான் ஸ்தேவான். அதாவது, பந்தியில் யார் விடுபட்டுப் போனார்கள் என்று பார்க்கும் பணி அவருக்கு. விடுபட்டவர்கள் வேற்றுமொழி பேசியவர்கள். சிறுபான்மையாக வாழ்வது எப்படி என்று அறிந்த தமிழர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வேலையிடத்தில்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அன்று வாசிக்கப்படும் லூக்கா நற்செய்திப் பகுதி மிகவும் நடைமுறையானது. மக்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் நீண்ட உபவாசத்தையோ பெரிய காணிக்கையையோ கட்டளையிடவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிப்பவர் விதித்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. போர்வீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரையும் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. பார்க்கும் வேலையை நேர்மையாகப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கு அதையே சொல்வதானால், மேற்பார்வையாளர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் மிகைநேரக் கணக்கில் கைவைக்கக் கூடாது. குத்தகையாளர் பண்டிகைக்கு முன்னால் கொடுப்பதாகச் சொன்ன கூலியை ஜனவரிக்குத் தள்ளிப்போடக் கூடாது. கடைக்காரர் தராசில் விரலை வைக்கக் கூடாது. மருத்துவமனைத் தாதியர் ஒருவர் தீபாவளியன்று கிறிஸ்துவரல்லாத தோழியிடம் கிறிஸ்துமஸ் வேலைமுறையை மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தால், அடுத்த தீபாவளிக்கு அந்த நன்றியை மறக்கக் கூடாது. இவை எதுவும் பிரசங்க மேடையில் நடப்பவை அல்ல. ஆனாலும் குடிலுக்கு முன் முழங்காலிடுவதற்கான தகுதி இங்கேதான் தீர்மானமாகிறது.

வீட்டு மாடிப்படியில்

கிறிஸ்துமஸ் இரவில் நடந்த ஒரு சிறு சம்பவம் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. 1886-ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டின் லிசியூ நகரம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து ஒரு குடும்பம் வீடு திரும்பியது. கணப்பின் பக்கத்தில் வைத்த காலணிகளில் பரிசுப் பொருள்களை நிரப்பி வைப்பது அந்த வீட்டுப் பழக்கம். கடைசி மகளுக்கு வயது 14 ஆகப்போகிறது. களைத்துப் போயிருந்த தந்தை, நல்லவேளை, இந்தக் குழந்தை விளையாட்டு இந்த ஆண்டோடு முடிகிறது என்று சற்றுச் சலிப்போடு சொன்னார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்துவிட்டது.

நாலரை வயதில் தாயை இழந்தவள் அவள். தொட்டதற்கெல்லாம் அழும் குணம் உள்ளவள். இப்போது இறங்கிப் போகாதே என்று அக்காள் செலின்கூடத் தடுத்தாள். அந்தச் சிறுமி கண்ணீரை அடக்கிக்கொண்டு கீழே ஓடினாள். ஒன்றும் கேட்காதவள்போல் பரிசுகளை ஒவ்வொன்றாக மகிழ்ச்சியோடு எடுத்தாள். தந்தையின் முகமும் மலர்ந்தது.

நடந்தது அவ்வளவுதான். அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் தம் வாழ்க்கையின் மனமாற்றம் அந்த இரவில்தான் நிகழ்ந்தது என்று பின்னாளில் அவர் எழுதினார். அவரே சிறுமலர் எனப்படும் புனித தெரேசா. 24 வயதில் இறந்த அவருக்கு 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற உயர்ந்த நிலை வழங்கப்பட்டது. கடிகாரத் தொழில் செய்த தந்தை லூயியும், சரிகைப் பின்னல் தொழில் நடத்திய தாய் செலியும் 2015-இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். தம்பதியாக ஒரே நேரத்தில் அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் இணையர் அவர்களே.

கிறிஸ்துமஸ் விருந்தில் வார்த்தை தடிக்காத வீடு எது? செலவைப் பற்றி அப்பா முணுமுணுப்பார். மருமகள் செய்த அச்சு முறுக்கில் மாமியார் குறை காண்பார். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில் இருவேறு கதவுகள் வழியாக வெளியேறுவார்கள். தெரேசா நின்ற அதே மாடிப்படி எல்லா வீட்டிலும் இருக்கிறது. காதில் விழுந்ததைப் பெரிதாக்குவதா, கீழே இறங்கிப் போவதா என்று அங்கே நின்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் தொலைபேசியை எடுக்கும் தம்பி தோற்றுப்போனவர் அல்லர்.

சமையலறையில் நிற்பவர் யார்?

விருந்து என்றால் சமையல் உண்டு. பல வீடுகளில் அந்தச் சமையலறையில் நிற்பவர் இல்லப் பணிப்பெண். அவர் பிலிப்பீன்ஸ் நாட்டவரானால், பெரும்பாலும் அவரும் ஒரு கத்தோலிக்கர். அவருடைய ஊரில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் 'சிம்பாங் காபி' திருப்பலி நடைபெறும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள சில ஆலயங்களிலும் அது உண்டு. வீட்டார் எல்லாரும் புத்தாடை உடுத்தித் திருப்பலிக்குப் புறப்படும்போது, பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் மட்டும் விடப்பட்டால், அந்த வீட்டுக் குடிலுக்கு என்ன பொருள்?

சிங்கப்பூர்ச் சட்டம் இதில் படிப்படியாக முன்னேறியிருக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் புதிதாக வேலை அனுமதி பெறுவோருக்கும் அதைப் புதுப்பிப்போருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி வந்தது. 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. அன்று அவருக்குக் கட்டாயம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். விசுவாசம் அந்த இடத்தில் நின்றுவிட முடியாது. திருப்பலிக்குப் போக அவருக்கும் நேரம் ஒதுக்குவது, ஊரிலுள்ள பிள்ளைகளோடு காணொளியில் பேச ஒரு மணி நேரம் விடுவது, மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுவது. பணிப்பெண் முஸ்லிமாக இருந்தால் அவர் சாப்பிடக்கூடிய உணவு தனியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மரியாவும் யோசேப்பும் சொந்த ஊரைவிட்டு வந்த இடத்தில் தங்க இடமில்லாமல் நின்றவர்கள் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

அக்கம்பக்கத்தாரும் ஏழைகளும்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் கிறிஸ்துவர்கள் 18.9 விழுக்காட்டினர். ஆக, அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் பலகாரத் தட்டோடு போகிறவர் தட்டப்போகும் கதவுகளில் பெரும்பாலானவை வேற்றுச் சமயத்தாருடையவை. மலேசியாவின் திறந்த இல்ல உபசரிப்பிலும் நிலைமை அதுதான். மது கலந்த கேக்கை முஸ்லிம் வீட்டுக்கும், முட்டை சேர்த்த கேக்கைச் சைவ உணவுக்காரர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அன்பு செய்ததாக நினைப்பதில் பயனில்லை. அவர் எதைச் சாப்பிடுவார் என்று விசாரிப்பதிலிருந்துதான் அன்பு ஆரம்பமாகிறது.

இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றை வைத்துக் குடில் காட்சியை அமைத்தார். அந்த நாளில் செல்வந்தர்கள் ஏழைகளின் வயிற்றை நிரப்ப வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட வழக்கத்தைவிட அதிகமாகத் தீனி போட வேண்டும் என்று விரும்பியவர் அவர். மின்விளக்கு எத்தனை, பொம்மை எவ்வளவு உயரம் என்று போட்டி போடும் குடில்களுக்கு இது ஒரு நினைவூட்டல்.

பங்குகள்தோறும் செயல்படும் வின்சென்ட் தே பவுல் சபையும் இதைத்தான் செய்கிறது. 1833-இல் பாரிஸில் 20 வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கிய இந்தச் சபையின் வழி, ஏழையின் வீட்டுக்கே சென்று உட்கார்ந்து பேசுவது. டிசம்பரில் அன்பளிப்புக் கூடைகள் வந்து குவிகின்றன. பிப்ரவரியில் ஓரறை வாடகை வீட்டு மூதாட்டியின் கதவைத் தட்டுகிறவர் எத்தனை பேர்?

இதில் கத்தோலிக்கம் எங்கே?

நல்ல இந்துவும் நல்ல முஸ்லிமும் இதைத்தானே செய்கிறார்கள், இதில் கத்தோலிக்கம் என்று தனியாக என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நற்செயல் எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்து அன்று. ஆனால் கத்தோலிக்கர் அதைச் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடவுள் மனிதரானார் என்பதே கிறிஸ்துமஸின் மையம். மனிதரானவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் தச்சுத் தொழிலும் வீட்டு வாழ்க்கையுமாகக் கழித்தார். போதித்தது சில ஆண்டுகளே. சாதாரண நாள்களுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறார்.

அதனால்தான் புனிதம் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரியதன்று, இல்லறத்தார் உட்பட எல்லாருக்கும் உரிய அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எடுத்துரைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் எழுதிய மடலில் ஓர் இல்லத்தரசியை உதாரணமாகக் காட்டினார். சந்தையில் புறம்பேச மறுப்பவர். களைத்திருந்தாலும் பிள்ளை பேசுவதைப் பொறுமையாகக் கேட்பவர். கவலை வரும்போது செபமாலையைக் கையில் எடுப்பவர். வழியில் ஏழையைக் கண்டால் நின்று நல்ல வார்த்தை சொல்பவர். அவர் ஏறுவது புனிதத்தின் படிகள் என்றார் திருத்தந்தை.

இதற்கு வேண்டிய பலமும் திருச்சபையிலேயே இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக நீண்ட வரிசை நிற்கிறதே, அது தோற்றவர்களின் வரிசைதான். தோற்றவர் மறுபடியும் தொடங்கலாம் என்பதற்கான இடம் அது. நற்கருணை வாங்க நீளும் கைதான் மறுநாள் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறது, சோறு பரிமாறுகிறது, தம்பியின் எண்ணை அழுத்துகிறது. அந்தக் கைக்கு இரண்டு கணக்கு இருக்க முடியாது.

ஜனவரியில் திருமுழுக்கு விழா முடிந்ததும் குடிலைப் பிரிப்பார்கள். சுரூபங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றுவார்கள். மரியாவும் யோசேப்பும் இடையர்களும் அடுத்த டிசம்பர் வரை அங்கேயே இருக்கலாம், குற்றமில்லை. குழந்தை இயேசுவையும் அவர்களோடு பெட்டிக்குள் அனுப்பிவிட்டோமா என்பதை அந்தந்த வீட்டுப் பணிப்பெண்ணும் பக்கத்து வீட்டாரும் கூடப்பிறந்தவரும்தான் சொல்ல வேண்டும்.

அனைவருக்கும் இனிய கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.