குடல் பாக்டீரியாவும் மார்பகப் புற்றுநோயும்

(பூண்டியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வரும் வழியில் வீடுகளில் பூண்டு கட்டித் தொங்குவதைப் பார்த்தேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. "தினம் நாலு பல் தின்றால் புற்றுநோய் அண்டாது" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். என் சித்தியிடமும் சொன்னார்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் எட்டு மாதம் அதையே நம்பியிருந்தார். வலி இல்லாததால் பயமும் இல்லை. மருத்துவமனைக்குப் போனபோது நோய் அக்குள் வரை பரவியிருந்தது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பூண்டில் உண்மையும் உண்டு. அதில் நம்மால் செரிக்க முடியாத ஃபிரக்டான் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. அது பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவற்றுக்கும் மார்பகத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பு ஈஸ்ட்ரோஜன்.

வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டை மூட்டை கட்டி அனுப்புகிறீர்கள் அல்லவா? கல்லீரலும் அப்படித்தான். வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்த்துக் கட்டி, ஒரு பகுதியைப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள சில பாக்டீரியாக்களிடம் பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மூட்டையை அவிழ்த்துவிடும். விடுபட்ட ஈஸ்ட்ரோஜன் மீண்டும் இரத்தத்தில் கலக்கும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை என்பதால் ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

சிகிச்சையிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம். சைக்ளோபாஸ்பமைடு என்பது மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து. புற்றுக்கட்டி உள்ள எலிகளில் இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. மருந்து குடல் சுவரைப் பாதித்தபோது சில பாக்டீரியாக்கள் நிணநீர் உறுப்புகளுக்குச் சென்று நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டின. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாக்களை அழித்த எலிகளில் மருந்தின் பலன் குறைந்தது.

இதைக் கேட்டுவிட்டு ஆன்டிபயாடிக்கே கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தரும் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கி விழுங்குவதுதான் தவறு. புரோபயாடிக் மாத்திரை, பழைய சோறு ஆகியவற்றையும் அந்த நாட்களில் மருத்துவரிடம் கேட்டே சாப்பிட வேண்டும். இன்ன உணவு, இன்ன பாக்டீரியா மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

வகுப்பில் பாலுக்கு உறை ஊற்றி லாக்டோபேசில்லஸ் பற்றி நடத்துகிறோம். அதோடு மூன்று கேள்விகளையும் பழக்குவோம். இதை யார் சொன்னது? எலியில் பார்த்ததா, மனிதரில் பார்த்ததா? எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? பூண்டு வைத்தியச் செய்தி கைபேசியில் வரும்போது அந்தப் பிள்ளைதான் வீட்டில் கேட்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இங்கிருந்து கொடைக்கானல் போய்வர ஒரு நாள் கூலி போகும். என் சித்தி இழந்தது எட்டு மாதம்.

பூண்டு குழம்பில் இருக்கட்டும். கட்டியை மருத்துவர் பார்க்கட்டும்.