எரிபொருள் இருந்தது, ஓட்டுநர் இல்லை

2021 செப்டம்பர் இறுதியில் பிரிட்டனின் பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. பல இடங்களில் இருப்பு தீர்ந்து பங்க்கையே மூடிவிட்டார்கள். ஆனால் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கிடங்குகளிலும் எரிபொருள் தாராளமாக இருந்தது!

அதைக் கொண்டுவரும் டேங்கர் லாரிகளுக்குத்தான் ஓட்டுநர்கள் போதவில்லை. கொரோனா காலத்தில் கனரக வாகன ஓட்டுநர் தேர்வுகள் தடைபட்டிருந்தன. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஓட்டுநர்கள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். சில பங்க்குகள் மூடப்பட்ட செய்தி பரவியதும், மக்கள் பதறிப்போய் டேங்கை நிரப்ப ஓடினார்கள். சிறிய தட்டுப்பாடு பெரிதாகிவிட்டது.

அரசு மூன்று வழிகளில் இறங்கியது. எங்கே தட்டுப்பாடு என்ற தகவலை எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள, வணிகப் போட்டிச் சட்டத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. வெளிநாட்டு ஓட்டுநர்களுக்குக் குறுகிய கால விசா அறிவித்தது. அக்டோபர் 4 முதல், ராணுவத்தினர் சுமார் 200 பேரைக் களமிறக்கியது. அவர்களில் ஏறக்குறைய 100 பேர் ஓட்டுநர்கள்.

மற்ற பகுதிகள் தேறிய பிறகும் லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் திணறின. ராணுவ உதவியும் முதலில் அங்கேதான் போனது.

நேயர்களே, தட்டுப்பாடு என்ற செய்தி வந்தால் அன்றைய தேவைக்கு மட்டும் நிரப்புங்கள். வரிசையில் ஆம்புலன்ஸும் நிற்கலாம்.